பூதத்தை விரட்டிய கேள்வி

பூதம் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் நாட்டவர் மனக்கண்முன் என்னென்ன காட்சிகள் எழுகின்றன! உடுக்கை ஒலி, வேப்பிலைக் கொத்து, சாம்பிராணிப் புகை, சாட்டை பிடித்த பூசாரி, அவன் முன்னே அஞ்சி ஒடுங்கிய ஓர் ஏழைப் பெண்! அந்தப் பூதத்தைக் கண்டவர் எவருமிலர்; அதனை ஓட்டியதாகச் சொல்லிக் காசு பெற்றவரோ பலர்.

நாம் இங்கே கூறப்போவது வேறொரு பூதத்தின் வரலாறு. இது விஞ்ஞானிகளின் மன்றத்திலேயே பிறந்த பூதம். பேரறிஞர் ஒருவர் தம் கற்பனையாற் படைத்தது. அறிஞர் பலரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆட்டிவைத்தது. ஆயினும் அதனை ஓட்ட உடுக்கை அடிக்கவில்லை, வேப்பிலை ஒடிக்கவில்லை. கேள்வி கேட்டார்கள்! ஒருவர் கூறிய விடையை அடுத்தவர் ஆராய்ந்தார். அவர் கூறியதை அவருக்குப் பின்வந்தவர் ஆராய்ந்தார். பூதம் ஓடிற்று. வீணே ஓடவில்லை; இன்று உலகம் வியந்து பேசும் குவாண்டம் கணிப்பொறிக்குச் செல்லும் பாதையைத் திறந்துவிட்டு ஓடிற்று. பகுத்தறிவு எப்படிப் பணியாற்றுகிறது என்று அறிய விரும்புவோர்க்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

கதை நீராவி எந்திரத்தில் தொடங்குகிறது. 1824ஆம் ஆண்டில் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞர் சிறு நூலொன்றை வெளியிட்டார். வெப்பத்திடம் வேலை வாங்க வேண்டுமானால் சூடான இடம் ஒன்றும் குளிர்ந்த இடம் ஒன்றும் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெப்பம் பாயும்போதுதான் சக்கரம் சுழலும் என்று அவர் காட்டினார். பின்னர் ஜெர்மனியின் கிளாசியஸும் பிரிட்டனின் வில்லியம் தாம்சனும் அந்தக் கருத்தை விதியாகவே வகுத்தனர். கொதிக்கும் பால் ஆறும். ஆறிய பால் அடுப்பில்லாமல் கொதிக்காது! வெப்பம் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு ஏறாது. இதற்கு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று பெயர். 1865ஆம் ஆண்டில் கிளாசியஸ் 'என்ட்ரபி' என்ற அளவையும் வகுத்துத் தந்தார். வெளியுலகத் தொடர்பற்ற ஓர் அமைப்பில் அந்த அளவு கூடலாம், குறையாது.

விதி வந்துவிட்டது. அதனை வணங்கி வாய் மூடினார்களா விஞ்ஞானிகள்? இல்லை! ஸ்காட்லாந்து தந்த அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அந்த விதியையே வம்புக்கிழுத்தார். 1867ஆம் ஆண்டு டிசம்பரில் தம் நண்பர் டேட்டுக்கு ஒரு மடல் வரைந்தார். காற்று நிறைந்த பெட்டி ஒன்று, நடுவே சுவர், சுவரில் சின்னஞ்சிறு கதவு. கதவைக் காக்கின்றது, மூலக்கூறு ஒவ்வொன்றையும் காணவல்ல கூர்விழி படைத்த நுண்ணுயிர் ஒன்று. விரைந்து வரும் மூலக்கூறுகளை ஒருபுறம் விடுகிறது. மெல்ல வருபவற்றை மறுபுறம் விடுகிறது. நேரம் செல்லச் செல்ல ஒருபுறம் சூடேறுகிறது, மறுபுறம் குளிர்கிறது. அடுப்பும் இல்லை, எரிபொருளும் இல்லை! கடல் நீரின் வெப்பத்தை உறிஞ்சியே கப்பல் ஓட்டலாம் போலிருக்கிறதே! 1871ஆம் ஆண்டில் 'வெப்பக் கொள்கை' என்ற தம் நூலில் மாக்ஸ்வெல் இதனை வெளியிட்டார். 1874ஆம் ஆண்டில் தாம்சன் அந்தக் காவற்காரனுக்குப் பூதம் என்று பெயர் சூட்டினார்.

பூதம் உண்டென்று நம்பிச் சூட்டிய பெயரன்று அது. விதியைச் சோதிக்க ஏவிய வினா அது. விதி மெய்யென்றால் பூதம் தோற்க வேண்டும். எந்த இடத்தில் தோற்கிறது? இதற்கு விடை கூற முடியவில்லை ஆண்டு பலவாக.

விடையின் முதற் கீற்று 1929ஆம் ஆண்டில் தோன்றிற்று. ஹங்கேரியிற் பிறந்து பெர்லினில் ஆராய்ந்துகொண்டிருந்த லியோ சிலார்டு பூதத்தின் வேலையை எளிமையாக்கினார். பெட்டியில் ஒரே ஒரு மூலக்கூறு. நடுவே தடுப்பை இறக்கினால் மூலக்கூறு இடப்புறம் இருக்கும், அல்லது வலப்புறம் இருக்கும். எப்புறம் என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்பத் தடுப்பை நகரவிட்டு, சுற்றுப்புறத்தின் வெப்பத்தைக் கொண்டே சிறு எடையைத் தூக்கலாம். இடமா, வலமா என்ற ஒரே ஒரு செய்தி வேலையாக மாறுகிறது! விதி நிலைக்க வேண்டுமானால் அந்தச் செய்தியை அறியும்போதே அதற்கு ஈடான விலை கொடுத்தாக வேண்டும் என்றார் சிலார்டு. இரண்டில் ஒன்றைச் சொல்லும் அந்த மிகச் சிறிய செய்தியைத்தான் இன்று 'பிட்' என்கிறோம். 1948ஆம் ஆண்டில் ஷானன் எழுதிய கட்டுரை வழியே அந்தச் சொல் பரவுவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே சிலார்டு அந்தப் பொருளைத் தொட்டுவிட்டார்.

பின்னர் 1951ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு இயற்பியலறிஞர் பிரில்லுவான் எழுந்தார். பூதம் இருட்டில் எப்படிப் பார்க்கும்? விளக்கு வேண்டாவா? விளக்கின் ஒளியே போதும், பூதம் ஈட்டியதை விழுங்கிவிட! எனவே பார்ப்பதற்கே செலவு என்றார். அதற்கு முன்பே, 1949ஆம் ஆண்டில், கணிப்பொறி உலகின் முடிசூடா மன்னர் ஜான் வான் நியூமன் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் உரையாற்றியபோது, கணக்கிடும் பொறியின் ஒவ்வோர் அடிப்படைச் செயலுக்கும் குறைந்தபட்ச ஆற்றல் செலவு ஒன்று உண்டு என்று கூறியிருந்தார். கூறியவர்கள் யார்? மாமேதைகள்! பிறகு ஐயம் ஏது? பூதம் செத்தது என்று பாடநூல்கள் எழுதின. முப்பது ஆண்டுக் காலம் மாணவர்கள் அதனையே படித்தனர்.

ஆனால் விடை தவறான இடத்தில் நின்றது!

இவ்விடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோல்ஃப் லாண்டவர் 1927ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். பிறப்பை அளவுகோலாக்கி மனிதனை எடை போட்ட இட்லரின் ஆட்சியில் அந்தக் குடும்பத்துக்கு வாழ்வில்லை. 1938ஆம் ஆண்டில், பதினொரு வயதுச் சிறுவனாக, அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். சிலார்டும் அவ்வாறே 1933ஆம் ஆண்டில் பெர்லினை விட்டு இரயிலேறியவர். தாம் சென்ற மறுநாள் அதே வண்டியில் கூட்டம் நெருக்கியது என்றும், எல்லையில் மக்களை நிறுத்தி விசாரித்தனர் என்றும், ஒருநாள் முந்தியதால் தப்பியதாகவும் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். இன்னான் வயிற்றில் பிறந்தவன் இழிந்தவன் என்று சட்டம் எழுதிய நாடு எதை இழந்தது? செய்தியும் ஆற்றலும் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்ட இருவரையும் இழந்தது! பிறப்பால் பேதம் கற்பிப்போர் அறிவைத் தம் வீட்டிலிருந்தே விரட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

லாண்டவர் ஹார்வர்டில் படித்து 1950ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். 1952ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். 1961ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. வான் நியூமன் கூறியதை அவர் இகழவில்லை. ஆனால் கூறியவர் பெரியவர் என்பதற்காக ஏற்கவுமில்லை. ஒவ்வொரு செயலுக்கும் செலவு என்கிறீர்களே, எந்தச் செயலுக்கு? ஏன்? என்று வினவினார்.

ஓர் எடுத்துக்காட்டு. கணிப்பொறியில் இரண்டு பிட்டுகளைப் பெற்று ஒன்றைத் தரும் வாயில் ஒன்று உண்டு. இரண்டும் 1 என்றால் விடை 1. மற்ற நிலைகளிலெல்லாம் விடை 0. விடை 0 என்று வந்தால், உள்ளே சென்றவை 0, 0 தாமா? 0, 1 தாமா? 1, 0 தாமா? திரும்பிக் காண வழியில்லை. பொறி மறந்துவிட்டது! இங்கேதான் செலவு என்றார் லாண்டவர். செய்தியை நகர்த்துவதற்கன்று, மாற்றி எழுதுவதற்கன்று, சுவடின்றி அழிப்பதற்குத்தான் இயற்கை வரி விதிக்கிறது. அழிந்த செய்தி எங்கும் போய்விடவில்லை. வெப்பமாகச் சுற்றுப்புறத்தில் சிதறுகிறது. அறையின் வெப்பநிலையில் ஒரு பிட்டை அழிப்பதற்கான மிகக் குறைந்த வரி எவ்வளவு? ஒன்றுக்குப் பின் இருபத்தொரு சுழிகள் இட்ட எண்ணால் ஒரு ஜூலை வகுத்து, அதில் ஏறத்தாழ மூன்று பங்கு! அற்ப அளவுதான். ஆனால் சுழி அன்று. மறதி இலவசமன்று என்பது இயற்பியலின் விதியாயிற்று.

லாண்டவர் கண்டது பெரிது. ஆனால் அவரும் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அழித்தல் இல்லாமல் பயனுள்ள கணக்கைச் செய்ய இயலாது, ஆகவே கணக்கிடும் பொறி வெப்பத்தை உமிழ்ந்தே தீரும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தை மாற்றியவர், அவருடைய நிறுவனத்திலேயே 1972ஆம் ஆண்டில் சேர்ந்த இளைஞர் சார்லஸ் பென்னட். 1973ஆம் ஆண்டில், அதே ஆய்விதழில், எந்தக் கணக்கையும் எதையும் அழிக்காமலே செய்யலாம் என்று நிறுவிக் காட்டினார். பிரான்சு நாட்டு லெசெர்ஃப் 1963ஆம் ஆண்டிலேயே திரும்பிச் செல்லவல்ல கணக்குப் பொறியை வகுத்திருந்தார். ஆனால் அது எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது.

பென்னட்டின் வழி என்ன? கோபுரம் எழுப்பும் கொத்தர்கள் சாரம் கட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் சாரத்தைக் கோடரியால் வெட்டிக் குவித்துக் கொளுத்தலாம். அது பழைய கணிப்பொறியின் வழி. கடைசியிற் கட்டிய கழியை முதலில் அவிழ்த்து, அதற்கு முன் கட்டியதை அடுத்து அவிழ்த்து, கழியும் கயிறும் சேதமின்றிக் கிடங்கு சேரும்படி செய்யலாம். இது பென்னட்டின் வழி. கணக்கின் ஒவ்வொரு படியையும் பொறி குறித்துக்கொண்டே செல்லும். விடை கிடைத்ததும் அதனைத் தனியே படியெடுத்து வைக்கும். பிறகு வந்த வழியே ஒவ்வொரு படியாகத் திரும்பி நடந்து குறிப்புகளை அவிழ்த்துவிடும். கோபுரம் நிற்கிறது, சாரம் இல்லை, சாம்பலும் இல்லை!

தமக்குக் கீழே பணியாற்றும் இளைஞன் தம் கூற்றைத் திருத்துவதா என்று லாண்டவர் சினந்தாரா? இல்லை. அந்தத் திருத்தத்தை ஏற்றார். வாழ்நாள் முழுவதும் அதற்காக வாதாடினார். நம் நாட்டு மடங்களில் குருவின் சொல்லைச் சீடன் திருத்திவிட்டால் என்ன நேரும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பூதத்தின் கணக்கும் பென்னட்டின் கையில் தீர்ந்தது. 1982ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார்: மூலக்கூறு எப்புறம் இருக்கிறதென்று அறிவதைச் செலவின்றியே செய்ய முடியும். பிரில்லுவானின் விளக்கு கட்டாயமன்று. ஆனால் பூதம் கண்டதையெல்லாம் நினைவில் வைத்தாக வேண்டும். நினைவேடு நிரம்பும். மீண்டும் வேலை செய்ய ஏட்டைத் துடைக்க வேண்டும். துடைக்கும்போது லாண்டவரின் வரி வந்து சேரும்; பூதம் ஈட்டியதெல்லாம் அதற்கே சரியாகிவிடும்! பார்த்ததால் தோற்கவில்லை பூதம். மறக்க வேண்டியிருந்ததால் தோற்றது. நூற்றுப் பதினைந்து ஆண்டு வினாவுக்கு இதுவே விடை.

இதற்குள் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மற்றொரு குழு கிளம்பியிருந்தது. அதன் தலைவர் எட்வர்டு ஃபிரெட்கின். கல்லூரிப் படிப்பை முடிக்காமலே வெளியேறியவர், விமானப் படையில் விமானம் ஓட்டியவர், பட்டம் ஏதும் பெறாமலே அந்தக் கழகத்தின் பேராசிரியரானவர். அவரும் டொம்மாசோ டோஃபோலியும் திரும்பிச் செல்லவல்ல வாயில்களை வகுத்தனர். டோஃபோலியின் வாயிலில் மூன்று பிட்டுகள் உள்ளே செல்லும், மூன்று வெளியே வரும். முதலிரண்டும் 1 என்றால் மட்டுமே மூன்றாவது புரளும். அதே வாயிலில் மறுமுறை செலுத்தினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். எதுவும் மறக்கப்படவில்லை. உராய்வற்ற மேசையில் ஓடி மோதும் பந்துகளைக் கொண்டே கணக்கிடலாம் என்றும் இருவரும் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர்.

1981ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டன் நகருக்கருகே, அந்தக் கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து ஒரு மாநாடு கூட்டின. கணிதத்தாரும் இயற்பியலாரும் பொறி வல்லுநரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். அங்கே எழுந்து பேசினார் ரிச்சர்டு ஃபைன்மன். இயற்கையின் அடித்தளம் குவாண்டம் விதிகளால் ஆனது. இரண்டே நிலைகள் கொண்ட துகள்கள் முந்நூறு சேர்ந்தாற்கூட, அவற்றின் கூட்டு நிலையை முழுதும் எழுத வேண்டிய எண்களின் தொகை, நம் கண்ணுக்கெட்டிய அண்டத்திலுள்ள அணுக்களின் தொகையையே மிஞ்சிவிடும்! சாதாரணக் கணிப்பொறி அந்தச் சுமையைத் தாங்குமா? தாங்காது. ஆகவே குவாண்டம் விதிப்படியே இயங்கும் பொறியைச் செய்யுங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம்.

இங்கேதான் இரு ஆறுகள் கலக்கின்றன. குவாண்டம் விதியின்படி, வெளியுலகம் தொடாத ஓர் அமைப்பு எதையும் மறப்பதில்லை. அதன் ஒவ்வோர் அசைவும் திரும்பிச் செல்லத்தக்கது. கணக்கிடுவதென்றாலே அழிப்பதுதான் என்ற பழைய எண்ணம் நிலைத்திருந்தால், குவாண்டம் உலகில் கணக்கே இல்லை என்றாகியிருக்கும். அழிக்காமலும் கணக்கிடலாம் என்று காட்டப்பட்ட பின்னரே வழி பிறந்தது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக் கூடத்தைச் சேர்ந்த பால் பெனியாஃப், கணக்குப் பொறியைக் குவாண்டம் விதிகளால் வகுக்கலாம் என்று எழுதினார். 1985ஆம் ஆண்டில் ஃபைன்மன் தம் குவாண்டம் பொறியைத் திரும்பிச் செல்லும் வாயில்களைக் கொண்டே அமைத்துக் காட்டினார். அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டின் டேவிட் டாய்ச் எல்லாப் பணிக்கும் பொதுவான குவாண்டம் கணிப்பொறியின் இலக்கணத்தை வகுத்தார். 1994ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக் கூடத்தின் பீட்டர் ஷோர், மிகப் பெரிய எண்களையும் அந்தப் பொறி விரைவில் காரணிகளாகப் பகுத்துவிடும் என்று நிறுவினார். வங்கியின் மறைமொழி முதல் அரசின் மறைமொழி வரை பல பூட்டுகள் அந்தக் கணக்கின் கடினத்தையே நம்பியிருந்தன. உலகம் திடுக்கிட்டது!

ஷோரின் முறையிலும் பென்னட்டின் சாரம் இருக்கிறது. கணக்கின் நடுவே சேரும் குறிப்புகளை அப்படியே விட்டுவிட்டால் குவாண்டம் அலைகள் ஒன்றோடொன்று கலந்து விடை தருவது கெட்டுவிடும். எனவே சாரத்தை ஒழுங்காக அவிழ்த்தாக வேண்டும். வெப்பத்தை மிச்சப்படுத்தப் பிறந்த கருத்து, புதிய பொறியின் உயிர்நாடியாயிற்று.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. குவாண்டம் கணிப்பொறி வெற்றி பெறும் என்பதை லாண்டவரே ஐயுற்றார். சிறு இரைச்சலும் சிறு பிழையும் அந்தப் பொறியைக் கெடுத்துவிடும் என்றார். இத்திட்டம் பெரும்பாலும் நடவாது என்ற எச்சரிக்கையை அத்தகைய கட்டுரைகளின் அடிக்குறிப்பாகவே போட வேண்டும் என்றுகூடச் சொன்னார். முன்னோடி சொல்லிவிட்டார் என்று இளையோர் ஒதுங்கினார்களா? ஐயத்தை அறைகூவலாக ஏற்றனர். 1995ஆம் ஆண்டில் ஷோரும், 1996ஆம் ஆண்டில் ஸ்டீனும் குவாண்டம் பிழைகளைத் திருத்தும் முறைகளை வெளியிட்டனர். பிழையைக் கண்டு குறித்த பிட்டுகளைத் துடைத்துத் துடைத்தே அந்தத் திருத்தம் தொடர்கிறது. துடைக்குந்தோறும் லாண்டவரின் வரியைச் செலுத்துகிறது! ஐயுற்றவரின் விதி, ஐயத்தைத் தீர்த்த முறைக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. லாண்டவர் 1999ஆம் ஆண்டில் மறைந்தார். மறுஆண்டு, 2000த்தில், இந்திய இயற்பியலாளர் அருண் குமார் பதியும் சாமுவேல் பிரான்ஸ்டைனும், அறியாத குவாண்டம் நிலை ஒன்றின் இரு படிகளில் ஒன்றை மட்டும் சுவடின்றி அழித்துவிட இயலாது என்று நிறுவினர்.

இத்தனையும் தாளில் எழுதிய வாதங்கள். மெய்தானா? 2012ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகர ஆய்வுக் கூடத்தில் அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 2 மைக்ரான் குறுக்களவுள்ள கண்ணாடி மணி ஒன்றை ஒளிக் கற்றையாற் பிடித்து இரு குழிகளுள் ஒன்றில் நிறுத்தினர். இடக்குழி 0, வலக்குழி 1. எதில் இருந்தாலும் ஒரே குழிக்குத் தள்ளினர்; அதாவது, பிட்டை அழித்தனர். மெல்ல மெல்ல அழிக்க அழிக்க, வெளிப்பட்ட சராசரி வெப்பம் லாண்டவர் சொன்ன எல்லையை நெருங்கிற்று. ஐம்பத்தோராண்டுக்குப் பின் அவர் கணக்கு அளவுகோலின்முன் நின்று வென்றது.

நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிகள் இன்றும் அந்த எல்லையைவிடப் பன்மடங்கு வெப்பத்தை வீணாக்குகின்றன. குவாண்டம் பொறிகளோ பிழைகளோடு போராடிக்கொண்டிருக்கின்றன. வேலை முடியவில்லை, பாதை தெளிவாயிற்று. அவ்வளவே நாம் சொல்லலாம். அதற்குமேல் சொல்வது விஞ்ஞானமன்று.

ஆனால் அதற்குமேல் சொல்வோர் இருக்கிறார்கள்! குவாண்டம் என்ற சொல்லையே தாயத்தாக்கிக் கழுத்திற் கட்டி விற்போர் உளர். இவையெல்லாம் எங்கள் பழைய ஏடுகளில் அன்றே இருந்தன என்று மேடையேறி முழங்குவோரும் உளர். அவர்களை நாம் ஒன்று கேட்போம். அந்த ஏட்டில், ஒரு பிட்டை அழிக்க ஆகும் வெப்பம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால், அந்த எண்ணை அளந்து பார்த்தவர் யார்? தவறென்று கண்டால் திருத்த இடமுண்டா? திருத்த இடமில்லாத ஏடு எவ்வளவு பழையதாயினும் விஞ்ஞானமாகாது.

வரலாற்றை மறுமுறை நோக்குங்கள். விதியை மாக்ஸ்வெல் வினவினார். அவர் வினாவுக்குச் சிலார்டு விடை தேடினார். பிரில்லுவானும் வான் நியூமனும் சொன்னதை லாண்டவர் திருத்தினார். லாண்டவரைப் பென்னட் திருத்தினார். லாண்டவரின் ஐயத்தை ஷோர் எதிர்கொண்டார். இவர்களுள் முழுதும் சரியானவர் எவருமிலர். ஆயினும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஒரு படி ஏற்றிவிட்டார். ஒருவரையும் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. ஒருவரையும் கல்லால் அடிக்கவுமில்லை.

நம் ஊர்ப் பூசாரி ஓட்டும் பூதம் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. வராவிட்டால் அவன் பிழைப்பு என்னாவது? விஞ்ஞானிகள் ஓட்டிய பூதமோ திரும்பவில்லை. சாட்டைக்கு அஞ்சிய பூதம் சாட்டை ஓய்ந்ததும் வரும். கேள்விக்கு விடை தெரிந்தபின் எந்தப் பூதமும் வருவதற்கில்லை. சாட்டையைப் பறித்தெறிந்து, நம் பிள்ளைகளின் கையிற் கேள்வியைக் கொடுப்போம்!